விதையா, செட்டா? லண்டனில் வெங்காயம் போடுமுன்

கணக்குப் பார்த்தால் லண்டனில் யாரும் வெங்காயம் பயிரிடத் தேவையில்லை. சூப்பர் மார்க்கெட்டில் கிலோ ஒரு பவுண்டுக்கு அப்படி இப்படிக் கிடைக்கிறது. தமிழ்க் கடையில் மூட்டையாக வாங்கினால் இன்னும் மலிவு. தக்காளியென்றால் ருசிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், வெண்டைக்காயென்றால் விலைக்காக. வெங்காயத்துக்கு இரண்டுமே ஒட்டாது. ஆனாலும் அலாட்மென்ட் என்ற வாடகைத் துண்டு நிலம் கையில் வந்த முதல் வருடம் நம்மவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் வெங்காயம் போடுகிறார்கள். நானும் போட்டேன். பதினோரு வருடமாகப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

போன வாரம் மைத்துனன் போன் செய்தான். நாலு வருடம் வரிசையில் காத்திருந்து இப்போதுதான் அவனுக்கு ஓர் அரைத் துண்டு கிடைத்திருக்கிறது. "மாமா, கடையில நிக்கிறேன். ஒரு பக்கம் விதை பாக்கெட், இன்னொரு பக்கம் வலைப்பையில குட்டிக் குட்டி வெங்காயம். எதை எடுக்க?" என்றான்.

"ரெண்டையும் வச்சுட்டு வெளிய வா. எத்தனை மாசம் வச்சுத் திங்கப்போற, அதை முதல்ல சொல்லு" என்றேன்.

அவனுக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகப் பட்டது. எனக்கு அதுதான் முதல் கேள்வி. வெங்காயத்தில் நடுவதைப் பற்றிய முடிவை, சேமிக்கத் தொங்கவிடும் ஆணியிலிருந்து பின்னோக்கி எடுத்துக்கொண்டு வர வேண்டும். எது டிசம்பருக்குள் தீர வேண்டியது, எது ஏப்ரல்வரை நிற்க வேண்டியது என்பது தெரிந்துவிட்டால், விதையா, 'செட்' எனப்படும் அந்தக் குட்டி வெங்காயமா என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். அவனுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அலாட்மென்ட் என்பது வீட்டுத் தோட்டம் இல்லை. கவுன்சிலோ ஒரு சங்கமோ வருட வாடகைக்குக் கொடுக்கும் துண்டு நிலம். 1908ஆம் வருடச் சட்டம்தான் இன்றும் இதற்கு அடிப்படை. அளவைக்கூட இன்னும் 'ராட்' என்ற பழைய கணக்கில்தான் சொல்வார்கள். முழுத் துண்டு 10 ராட், அதாவது ஏறக்குறைய 250 சதுர மீட்டர்; நம் கணக்கில் ஆறேகால் சென்ட். இப்போதெல்லாம் புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் அதில் பாதிதான் கிடைக்கும். மூணு சென்டில் வெங்காயத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது? என் வீட்டில் நாலு பேர், வாரத்துக்கு ஒரு கிலோ ஆகும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் விட்டால் சதுர மீட்டருக்கு முப்பதுக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். காய் ஒன்று 130 கிராம் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 4 கிலோ. பத்து சதுர மீட்டர் போதும், 40 கிலோ வந்துவிடும். ஆகஸ்டில் எடுத்து ஏப்ரல்வரை சாப்பிட அது தாராளம்.

ஊர் விதை இங்கே ஏன் வேலைக்காகாது

எல்லாருக்கும் முதலில் வரும் யோசனை, ஊரிலிருந்து விதை கொண்டுவந்து போடலாமே என்பது. செடிநலச் சான்றிதழ் இல்லாமல் விதையோ விதைக் காயோ பெட்டியில் வைத்துக் கொண்டுவரக் கூடாது என்பது ஒரு பக்கம். கொண்டுவந்தாலும் பயனில்லை என்பதுதான் பெரிய காரணம்.

வெங்காயம் குளிரைப் பார்த்தோ மழையைப் பார்த்தோ காய் கட்டுவதில்லை, பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துத்தான் முக்கியமாகக் கட்டுகிறது. திண்டுக்கல்லில் வருடத்தின் மிக நீளமான பகல்கூட பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. அதற்குப் பழகிய ரகங்களுக்குப் பன்னிரண்டு மணி நேர வெளிச்சமே போதும். லண்டனில் மார்ச் கடைசியிலேயே பகல் பன்னிரண்டு மணியைத் தாண்டிவிடுகிறது. பாவம், அந்தச் செடி நாலு தாள் விட்டதுமே 'நேரம் வந்துவிட்டது' என்று நினைத்துக் காய் கட்ட ஆரம்பிக்கும். கிடைப்பது சுண்டைக்காய் அளவு. இங்கத்து ரகங்களுக்கோ 14 முதல் 16 மணி நேரப் பகல் வேண்டும். ஜூனில் லண்டன் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் போகும், அதனால் இங்கே அவை கொழுக்கின்றன. அதே விதையைத் திண்டுக்கல்லில் போட்டால் தாள் தாளாக வளர்ந்துகொண்டே இருக்கும், காய் பிடிக்காது.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. வெங்காயத்தை வட்டமாக நறுக்கினால் தெரியும் ஒவ்வொரு வளையமும் ஒரு தாளின் அடிப்பாகம். ஜூன் மாதம் வெளிச்சம் கட்டளை போடும்போது செடியில் எத்தனை தாள் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் காயின் பருமன். அதற்குப் பிறகு என்ன உரம் போட்டாலும் பெரிதாக மாறாது. ஆகவே நமக்கு முன்னால் இருக்கும் கேள்வி, ஜூனுக்குள் அதிகத் தாள் விட வைக்க எது நல்ல வழி என்பதுதான்.

செட்

வலைப்பையில் தொங்கும் அந்தக் குட்டி வெங்காயத்துக்கு இங்கே 'செட்' என்று பெயர். போன வருடம் விதையை நெருக்கித் தூவி, கோலிக்குண்டு அளவிலேயே நிறுத்தி, காயவைத்து விற்பது. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மண்ணில் அழுத்தி வைத்தால் போதும், நுனி மட்டும் லேசாகத் தெரிய வேண்டும். இரண்டு வாரத்தில் பச்சை தெரியும். ஜன்னலோரத்தில் தட்டு வைத்துக் காவல் காக்க வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் போதும். கனமான லண்டன் களிமண்ணிலும் பிழைத்துக்கொள்ளும். முதல் வருடக்காரர்களுக்கு எல்லாரும் இதையே சொல்கிறார்கள், நானும் அதைத்தான் சொல்வேன்.

நட்ட மறுநாள் போய்ப் பார்த்தால் பாதி செட் வெளியே கிடக்கும். காட்டுப்புறா செய்யும் வேலை. காய்ந்த நுனியைப் புழுவென்று நினைத்து இழுக்கிறதோ, வீம்புக்குச் செய்கிறதோ, யார் கண்டது. ஆணியடித்த மாதிரி திரும்பக் குத்தாமல், சின்னதாகக் குழி பறித்து மறுபடி நட்டு, மேலே வலை போட்டுவிட வேண்டும். வேர் விட்டபிறகு தொடாது.

செட்டின் உண்மையான பிரச்சினை வேறு. வெங்காயம் இரண்டு வருடப் பயிர். முதல் வருடம் காய், இரண்டாம் வருடம் பூ. நாம் வாங்கும் செட் தன் முதல் வருடத்தை ஏற்கெனவே வாழ்ந்து முடித்தது. நட்டதும் ஒரு குளிர் அலை அடித்தால், குளிர்காலம் கடந்துவிட்டது என்று முடிவுகட்டிப் பூத்தண்டு விட்டுவிடும். நடுவில் கட்டைபோல் தண்டு ஓடிய வெங்காயம் சேமிப்புக்கு உதவாது, உடனே சமைக்க வேண்டியதுதான். என் முதல் வருடத்தில் ஆர்வக் கோளாறில் மார்ச் முதல் வாரமே நட்டேன். பையைக் கொட்டி, பெரிது பெரிதாகப் பொறுக்கி வேறு நட்டேன். மூன்றில் ஒரு பங்கு பூத்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, செட் பெரிதாக இருக்க இருக்கப் பூக்கும் வாய்ப்பும் கூடும். நகத்தளவு சின்னதுதான் நல்லது.

மனம் நொந்து தண்டுகளை ஒடித்து உரக்குழியில் போடப்போனபோது பக்கத்துத் துண்டு யாழ்ப்பாணத்து அக்கா கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, எறிஞ்சு போடாதேங்கோ. எனக்குத் தாங்கோ, வறை வைக்கலாம்." வெங்காயப்பூ வறை, அதாவது நம் பொரியல் மாதிரி, என்றால் அவர்கள் வீட்டில் உயிராம். அடுத்த வாரம் ஒரு டப்பாவில் எனக்கும் வந்தது, தேங்காய்ப்பூ போட்டு. நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் அந்த வறைக்காக நஷ்டப்படலாம்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. வெப்பப் பதம் செய்த செட் என்று தனியாக விற்பார்கள். பல வாரம் சூடான அறையில் வைத்து, உள்ளே இருக்கும் பூக்குருத்தை அடக்கிய செட். கடைக்குக் கொஞ்சம் தாமதமாக, மார்ச் கடைசிவாக்கில்தான் வரும். விலையும் கொஞ்சம் கூட. சிவப்பு வெங்காயம் போடுவதாக இருந்தால் இது இல்லாமல் போடவே வேண்டாம். 'ரெட் பேரன்' அழகான ரகம், ஆனால் பூப்பதில் அவசரக்காரன். மஞ்சளில் 'ஸ்டூரான்' நம்பகமானது. பூப்பது குறைவு, வசந்தம்வரை நிற்கும்.

விதை

பாக்கெட்டில் வரும் கறுப்பு விதை கிராமுக்கு ஏறக்குறைய 250 இருக்கும். மேலே போட்ட கணக்குப்படி எனக்கு 300 செடி வேண்டும். செட் என்றால் நாலைந்து பை, பதினைந்து இருபது பவுண்டு கரையும். விதை என்றால் ஒரே பாக்கெட், ஒரு காப்பி விலை. ஒன்றை மறக்கக் கூடாது. வெங்காய விதைக்கு ஆயுசு குறைவு. இரண்டாம் வருடமே முளைப்பு சரிந்துவிடும். பாதி பாக்கெட்டைப் பத்திரப்படுத்தும் நம் வழக்கம் இங்கே செல்லாது.

விதையை நேரே மண்ணில் தூவுவது ஒரு வழி. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மார்ச் மாதக் குளிர்மண்ணில் முளைக்க மூணு வாரம் ஆகும், அதற்குள் களை முழங்கால் உயரம் நிற்கும். நூல்போல் முளைக்கும் வெங்காயத்தையும் புல்லையும் பிரித்துக் களையெடுக்கக் கண்ணாடி போட்டாலும் முடியாது. மணற்பாங்கான சுத்த மண் வைத்திருப்பவர்கள் செய்துகொள்ளட்டும்.

நான் செய்வது நாற்று. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ சின்னக் குழித் தட்டில் குழிக்கு ஆறேழு விதை போட்டு, வீட்டில் அதிகச் சூடில்லாத ஜன்னலோரம் வைப்பேன். 10 முதல் 16 டிகிரி போதும். ஹீட்டர் மேலே வைத்தால் செடி நூலாக நீண்டு படுத்துவிடும். இரண்டு வாரத்தில் கொக்கிபோல் வளைந்து முளைக்கும். குழிக்கு நாலைந்தை விட்டுவிட்டு மீதியைக் கிள்ளிவிடுவேன். ஏப்ரல் தொடக்கத்தில் அந்தக் கொத்தைப் பிரிக்காமல் அப்படியே, கொத்துக்குக் கொத்து ஓரடி விட்டு நடுவேன். வளர வளர ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உருண்டு நிற்கும். தனியாக நட்டதைவிடக் காய் கொஞ்சம் சின்னது. நம் சமையலுக்கு அதுதான் தோது, முழு வெங்காயம் நறுக்கிப் பாதியை ஃபிரிட்ஜில் வைக்கும் தொல்லை இல்லை. கொத்துகளுக்கு நடுவே களைவெட்டி தாராளமாகப் போய் வரும். ஒல்லித் தாள் வெங்காயத்தால் களையை நிழலால் அடக்க முடியாது என்பதால் இது சின்ன லாபம் இல்லை.

நாற்றுச் செடிக்கு இது முதல் வருடம், அதனால் பூப்பது அரிது. கழுத்து மெல்லிசாகக் காய்ந்து மூடும். செட்டோடு சேர்ந்து வரும் நோய்களும் வராது. என் கொட்டகையில் ஏப்ரலில் கடைசியாக மிஞ்சி நிற்பது எப்போதும் நாற்று வெங்காயமாகத்தான் இருந்திருக்கிறது. ரகத் தேர்வும் விதையில்தான் அதிகம். தாளை வாட்டும் அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் 'சான்டெரோ', 'ஹைலாண்டர்' போன்றவற்றைத் தேடிப் போட முடியும்.

பிறகு ஏன் எல்லாரும் இதைச் செய்வதில்லை? பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை தட்டுக்குத் தினமும் ஒரு பார்வை வேண்டும். வீட்டில் வெளிச்சமான ஜன்னல் வேண்டும். அந்த ஜன்னலில் ஏற்கெனவே வீட்டுக்காரியின் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். அதை நகர்த்துவது பற்றி நான் ஆலோசனை சொல்வதற்கில்லை.

ஊரிலும் இதே விவாதம்தான் நடக்கிறது. சின்ன வெங்காயத்துக்கு ஏக்கருக்கு 400, 500 கிலோ விதைக் காய் வாங்கி ஊன்றுவது அப்பா காலத்து வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ ஆன் 5 ரகம் வந்தபிறகு ஒன்றிரண்டு கிலோ விதையில் நாற்றுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். செலவு எங்கே போகிறது, வேலை எங்கே கூடுகிறது என்ற தராசு இரண்டு ஊரிலும் ஒன்றே.

கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் தனி ஜாதி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விதைப்பது அவர்கள் மரபு. விளக்குப் போட்டு, பாலித்தீன் கூடாரத்தில் வளர்த்து, ஹாரோகேட் இலையுதிர்காலக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள். 2023ல் அங்கே ஒரு வெங்காயம் 8.97 கிலோ நின்றது. சாம்பாருக்கு ஆகாது.

இலையுதிர்கால நடவு

செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் நட்டு ஜூனில் எடுக்கும் செட்டும் கடையில் கிடைக்கும்: 'ராடார்', 'சென்ஷு' வகைகள். சேமிப்பு தீர்ந்துபோன ஜூன், ஜூலை இடைவெளியை நிரப்ப நல்லது என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இந்த வெங்காயம் கிறிஸ்துமஸைத் தாண்டி நிற்காது. குளிர்காலம் முழுக்க மண்ணில் நிற்பதால் அடிச்சாம்பல் நோயை ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குக் கை மாற்றிக் கொடுக்கிறது. வெங்காய இலைத்துளைப்பான் ஈ 2002ல் முதன்முதலாக இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது, இப்போது லண்டன் தோட்டங்களில் எல்லாம் இருக்கிறது. அது முட்டையிட வருவது வசந்தத்தில் ஒரு முறை, அக்டோபர் நவம்பரில் ஒரு முறை. இலையுதிர்காலத்தில் நட்டால் இரண்டு தடவையும் அதற்கு விருந்து. சன்ன வலையால் மூட வழியிருந்தால் ஒரு வரிசை போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சின்ன வெங்காயம்

ஆரம்பத்தில் விலைக் கணக்கு ஒட்டாது என்று சொன்னேன். ஒரே ஒரு விதிவிலக்கு இது. தமிழ்க் கடைகளில் சின்ன வெங்காயம் விற்கும் விலை பெரிய வெங்காயத்தைப்போல் பல மடங்கு. விமானத்தில் வருவதால் பாதி சமயம் உள்ளே நசநசவென்று இருக்கும். வீட்டுக்கு வந்து உரித்துப் பார்த்தால் கால் கிலோ குப்பைக்கு.

கடையில் வாங்கியதையே நட்டுப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஊர் விதைக்குச் சொன்ன அதே பகல் பொழுதுக் கணக்கு இதற்கும் உண்டு. நட்டால் தாள் நன்றாக வரும், காய் பட்டாணியாக நிற்கும். தாளுக்காகத் தொட்டியில் போடலாம். துண்டு நிலத்தில் வேண்டாம், சாப்பாட்டு வெங்காயத்தோடு என்ன நோய் வருகிறதென்று யாருக்கும் தெரியாது. இங்கத்து ஷாலட் இருக்கிறது. அதுவும் நம் சின்ன வெங்காயமும் ஒரே குடும்பம், ஒரே மாதிரி கொத்தாகப் பிரியும். 'ரெட் சன்', 'கோல்டன் கூர்மே', 'லாங்கோர்' எல்லாம் செட்டாகக் கிடைக்கும். ஒன்றை நட்டால் ஆறு, எட்டு, சில சமயம் பத்தாகப் பிரியும். காய் நம்முடையதைவிடப் பெரிது. காரம் குறைவு என்று என் அம்மா வந்தபோது குறை சொன்னார், ஆனால் வத்தக்குழம்பில் இரண்டாவது கரண்டியும் வாங்கிக்கொண்டார்.

குளிரின் நடுவில், வருடத்தின் மிகக் குறுகிய பகலில் நட்டு மிக நீண்ட பகலில் எடு என்பது ஷாலட்டுக்கு இங்கே சொல்லும் பழைய கணக்கு. ஈரம் தேங்கும் லண்டன் மண்ணில் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம்தான் பத்திரம். வரிசையில் 15 சென்டிமீட்டர் விட வேண்டும். ஜூலையில் தாள் பழுக்கும். பெரிய வெங்காயத்தைவிடவும் நன்றாக நிற்கும், அடுத்த மேவரை நான் வைத்திருக்கிறேன்.

மண் அனுமதிக்கிறதா?

இதைக் கடைசியில் வைக்க வேண்டாம் என்று பார்த்தேன். அலாட்மென்ட் மண்ணில் நமக்கு முன் நூறு வருடமாக யார் யாரோ வெங்காயம் போட்டிருக்கிறார்கள். வெள்ளை அழுகல் ('ஒயிட் ராட்') என்ற நோய் அங்கே இருந்தால், மேலே சொன்ன எந்தத் தேர்வும் அர்த்தமில்லாமல் போய்விடும். ஜூனில் தாள் மஞ்சளாகிச் சாயும். பிடுங்கினால் அடியில் பஞ்சுபோல் வெள்ளைப் பூஞ்சை, அதில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகக் கறுப்பு மணிகள். அந்த மணிகள் மண்ணில் பதினைந்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இதற்கு மருந்தே கிடையாது. பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போகும்.

ஆகவே துண்டு கிடைத்ததும் முதல் வேலை, பக்கத்தில் இருபது வருடமாக இருப்பவரிடம் ஒரு டீ கொடுத்து விசாரிப்பது. "இங்க ஒயிட் ராட் உண்டா?" என்று கேட்டால் போதும், முழுச் சரித்திரமும் வந்துவிடும். இருக்கிறது என்றால் நோய் தெரியாத மூலையில் பலகை அடித்து, பை மண் போட்டு, நாற்றாக நட வேண்டும். அல்லது வெங்காயத்தை மறந்துவிட்டு வெந்தயக்கீரை போடலாம்.

எடுத்த பிறகு

ஆகஸ்டில் தாள் தானாகச் சாயும். பழைய ஆட்கள் கையாலேயே தாளை மடக்கிவிடுவார்கள், சீக்கிரம் முற்றும் என்று. கழுத்து நசுங்கி அந்த வழியாகத்தான் அழுகல் உள்ளே போகிறது, தானே சாயட்டும். கடைசி மூன்று வாரம் தண்ணீர் வேண்டாம். ஜூனுக்குப் பிறகு தழைச்சத்து உரமும் வேண்டாம், கழுத்து தடித்துவிடும்.

எடுத்ததும் இரண்டு வாரம் உலர வேண்டும். வெயில் நின்றால் மரப்பலகை மேல் பரப்பி வைப்பது போதும். லண்டன் ஆகஸ்டை நம்பி நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன். இப்போதெல்லாம் மழை அறிகுறி தெரிந்ததும் கொட்டகைக்குள் பழைய ரொட்டித் தட்டுகளில் அடுக்கி, கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன். கழுத்தைத் தேய்த்தால் காகிதம்போல் சரசரக்க வேண்டும். கழுத்தழுகல் நோய் எடுக்கும்போது தெரியாது. எட்டுப் பத்து வாரம் கழித்து, நல்ல வெங்காயம் என்று நினைத்து அழுத்தும்போது விரல் உள்ளே போகும்.

சரி, எங்கே வைப்பது? இதில்தான் நம் ஊர்ப் பழக்கம் நம்மைத் தவறான பக்கம் இழுக்கும். எங்கள் வீட்டில் அப்பா பட்டறை போடுவார். தரையிலிருந்து உயர்த்தி, கல் அடுக்கி, கம்பு பரப்பி, மேலே வெங்காயத்தைக் குவித்து, ஓலை வேய்ந்து. காற்று கீழிருந்து ஏறி மேலே போகும். கோடை வெயிலிலும் மாதக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான், கதகதப்பான இடமே வெங்காயத்துக்கு நல்லது என்று சமையலறை அலமாரியில் வைத்தேன். நவம்பரில் எல்லாமே பச்சை நாக்கை நீட்டிக்கொண்டு நின்றன.

காரணம் இதுதான். 25 டிகிரிக்கு மேல் வெங்காயம் உறங்கும். 0 டிகிரியை ஒட்டியும் உறங்கும். இடைப்பட்ட 10, 15 டிகிரியில்தான் விழித்து முளைக்கும். பட்டறை முதல் வழியில் வேலை செய்கிறது, லண்டன் கொட்டகை இரண்டாம் வழியில். சமையலறை அலமாரியும் படிக்கட்டுக்கு அடியிலுள்ள அறையும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இடங்கள். காற்று மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. ஈரம் தங்கினால் எங்கே வைத்தாலும் வேர் விடும்.

கொட்டகை, கார் இல்லாத கராஜ், வடக்குப் பக்கத் தாழ்வாரம், இவைதான் இடம். கடுங்குளிர் இரவுகளில் பழைய கம்பளியைப் போர்த்தலாம். உறைந்துவிட்டால் தொடாமல் விட்டு, தானே இளகிய பிறகு எடுக்க வேண்டும். வலைப்பை, பழைய ஸ்டாக்கிங், தாளைப் பின்னிய சடை என்று மூன்று விதமாகத் தொங்கவிடலாம். வலைப்பை சுலபம், ஆனால் நடுவில் ஒன்று அழுகினால் பத்தும் போனபிறகுதான் மணக்கும். ஸ்டாக்கிங்கில் ஒன்றுக்கு ஒன்று முடிச்சுப் போட்டு, கீழிருந்து வெட்டி எடுக்கலாம், பார்க்கத்தான் சகிக்காது. சடைதான் என் கட்சி. ஒவ்வொரு காயும் கண்ணுக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் சுற்றிக் காற்று போகும். பிரான்ஸின் ரோஸ்கோஃப் பக்கத்திலிருந்து சைக்கிள் நிறையச் சடை வெங்காயத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு பிரிட்டன் தெருக்களில் விற்றவர்களை இங்கே 'ஆனியன் ஜானி' என்பார்கள். 1940ல் பிரான்ஸும் சேனல் தீவுகளும் ஜெர்மனி கைக்குப் போனதும் அந்த வரத்து நின்றது. ஒற்றை வெங்காயத்தை லாட்டரிச் சீட்டுப் போட்டுப் பரிசாகக் கொடுக்கும் அளவுக்குப் பஞ்சம். அலாட்மென்ட்காரர்கள் அப்போது வெங்காயத்தில் இறங்கியது பொழுதுபோக்குக்கு இல்லை.

கழுத்து தடித்தது, பூத்தது, மண்வெட்டி பட்டது எல்லாவற்றையும் சடைக்குக் கொண்டுவராதீர்கள். முதல் மாதத்திலேயே சமைத்துவிடுங்கள். மிஞ்சினால் நான் தாளிப்பு வடகம் போடுகிறேன். சித்திரை வெயிலுக்கு லண்டனில் எங்கே போவது, அடுப்பின் அடித்தட்டில் மிகக் குறைந்த சூட்டில் இரண்டு ராத்திரி. வீடு முழுக்க மணக்கும், அடுத்த வீட்டுக்காரர் ஒரு முறை கேஸ் கசிகிறதா என்று கேட்டார்.

மைத்துனனுக்கு என்ன சொன்னேன்? அவன் வீட்டு ஜன்னல் எல்லாம் வடக்குப் பார்த்தது, கைக்குழந்தை வேறு. இந்த வருடம் வெப்பப் பதம் செய்த ஸ்டூரான் செட் மூணு பை, ஏப்ரல் முதல் வாரம். ஓரத்தில் ஷாலட் ஒரு வரிசை. சிவப்பு வேண்டாம். அடுத்த பிப்ரவரியில் குழந்தை ராத்திரி தூங்க ஆரம்பித்திருந்தால் நாற்றுக்கு மாறலாம், என் தட்டைத் தருகிறேன் என்றேன்.

என் கொட்டகையில் இப்போது இரண்டு சடைதான் பாக்கி. ஒன்றில் மூணு காய் லேசாகப் பச்சை காட்டுகிறது. அந்தத் தாளைக் கிள்ளி நாளைக்கு முட்டைப் பொரியலில் போட வேண்டும்.